கப்பலுக்குள்ளே எது எங்கே? கடலோடப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பனில் பிறந்தவன் நான். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடினேன். அதில் கடைசி ஒன்பது வருடம் போசன், அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவன். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை என்று பல ஊர்களிலிருந்து ஜி.பி. ரேட்டிங் (கப்பலில் கடைநிலை ஆளாகச் சேர்வதற்கான பயிற்சி) படிக்கப் போகிற தம்பிகள் வீட்டுக்கு வருகிறார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்களை விட, கப்பலுக்குள் எது எங்கே இருக்கும், அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பவர்கள்தான் அதிகம். நல்ல கேள்வி அது. வாயால் பலமுறை சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வல்லத்திலும் லாஞ்சிலும் (எஞ்சின் வைத்த மீன்பிடிப் படகு) வளர்ந்தவன் கப்பலின் பாகங்களைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் நீளமாக ஓடுகிற மரம் ஏரா, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி இரு பக்கமும் எழும்புகிற சட்டங்கள் வங்கு. பாய்மரம், பாயைத் தாங்கும் பருமல், சுக்கான், நங்கூரம் எல்லாம் உன் தாத்தா வாயிலிருந்து வந்த சொற்கள். இரும்புக் கப்பலில் பாய் கிடையாது, மற்றவை பெரும்பாலும் வேறு பெயரில் இருக்கின்றன. ஏராவைக் கீல் என்பார்கள், வங்கை ஃப்ரேம் என்பார்கள்.

தெரியாத பாதி எதுவென்றால், உள்ளே இருப்பது. ஏன் தெரியாது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நம் வல்லத்துக்கும் வத்தைக்கும் உள்ளே என்று ஒன்று கிடையாது. திறந்த மரக்கலம் அது. உட்கார்ந்தால் வானம் தெரியும், காலடியில் பலகை, அவ்வளவுதான். அறை இல்லாத கலத்தில் அறைக்குப் பெயர் எப்படி வரும்? லாஞ்ச் வந்த பிறகுதான் எஞ்சின் ரூம், ஐஸ் போடுகிற அறை, ஸ்டியரிங் பிடிக்கிற கூண்டு என்று உள்ளறைகள் வந்தன. அவற்றின் பெயர்களில் இங்கிலீஷ் கலந்து வந்ததற்கும் அதுதான் காரணம். அதனால் கூச்சப்படாமல் இங்கிலீஷ் பெயர்களைக் கற்றுக்கொள். ஒவ்வொன்றையும் உன் படகில் இருக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கற்றுக்கொள். அப்போதுதான் மறக்காது.

இடது, வலது என்று சொன்னால் போதாதா? போர்ட், ஸ்டார்போர்ட் எதற்கு?

நீ அணியத்தைப் பார்த்து நிற்கிறாய், நான் உன்னைப் பார்த்து நிற்கிறேன். உன் இடது எனக்கு வலது. இருட்டில், காற்றில், கத்தும்போது இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லும். போர்ட் என்றால் அணியத்தை நோக்கி நிற்பவனின் இடப்பக்கம். யார் எப்படித் திரும்பி நின்றாலும் அது மாறாது. ஸ்டார்போர்ட் வலப்பக்கம். போர்ட் பக்க விளக்கு சிவப்பு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை. ராத்திரி கடலில் பெரிய கப்பல் எதிரே வந்தால் நம் லாஞ்சுக்காரர்கள் இந்த விளக்கைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

முன்பு இடப்பக்கத்துக்கு லார்போர்ட் என்று பெயர். ஸ்டார்போர்டோடு காதில் குழம்பியதால் பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் போர்ட் என்று மாற்றியது. ஒரு சொல் தவறாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். கப்பலில் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

லைஃப் போட்டுகளுக்கும் கணக்கு உண்டு. ஒற்றைப்படை எண்கள் ஸ்டார்போர்டில், இரட்டைப்படை எண்கள் போர்ட்டில்.

தரை, சுவர், கூரை, படிக்கட்டு இவற்றுக்கெல்லாம் வேறு பெயரா?

ஆமாம். தரை டெக். தலைக்கு மேலே இருப்பது டெக்ஹெட். படிக்கட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும் லேடர். நடைபாதை அலிவே. சுவர் பல்க்ஹெட்.

இதில் பல்க்ஹெட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவர் மறைப்பதற்கு. கப்பல் சுவர் தண்ணீரையும் தீயையும் தடுப்பதற்கு. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பாய். பாத்திக்குப் பாத்தி வரப்பு இருக்கும். ஒரு பாத்தியில் உடைப்பு வந்தால் அந்தப் பாத்தியோடு போகும், அளம் முழுக்கப் போகாது. கப்பலின் அடிவயிற்றையும் அப்படித்தான் குறுக்கே பல அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். அணியத்துக்குப் பின்னால் வருகிற முதல் தடுப்புக்குக் கொலிஷன் பல்க்ஹெட் என்று பெயர். முன்னால் எதிலாவது மோதினாலும் தண்ணீர் அதைத் தாண்டி வரக்கூடாது.

வரப்பு உயரம் குறைந்தால் என்ன ஆகும்? 1912-ல் டைட்டானிக்குக்கு ஆனதுதான். அதில் 16 நீர்புகா அறைகள் இருந்தன. முன்பக்கத்து நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். ஐஸ் மலை உரசியதில் அதற்கு மேலும் அறைகளில் தண்ணீர் புகுந்தது. பல்க்ஹெட்டுகள் போதிய உயரம் இல்லாததால், அணியம் தாழத் தாழ, ஒரு அறை நிறைந்து அடுத்த அறைக்கு வழிந்தது. அதற்குப் பிறகுதான் 1914-ல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. இன்று சோலாஸ் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அதன் வழியில் வந்ததுதான். நீர்புகாக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற பையனை நான் திட்டாமல் விட்டதில்லை.

பிரிட்ஜ் என்றால் பாலம்தானே? அதற்கு ஏன் அந்தப் பெயர்?

பாம்பன் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். நமக்குப் பாலம் என்றால் 1914-ல் திறந்த ரயில் பாலம், இப்போது 2025-ல் வந்த புதுப் பாலம். கப்பலில் பிரிட்ஜ் என்பது மேலே, சுற்றிலும் கண்ணாடி வைத்து, கப்பலை நடத்துகிற இடம். பெயர் வந்த வழி உண்மையிலேயே பாலம்தான். பழைய நீராவிக் கப்பல்களில் இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அவற்றை மூடிய பெட்டிகளுக்கு நடுவே குறுக்கே ஒரு நடைபாலம் போட்டு, கேப்டன் அதில் நின்று இரு பக்கமும் பார்த்தார். சக்கரம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற திறந்த தளத்துக்கு மங்கி ஐலண்ட் என்று பெயர். காந்தத் திசைகாட்டி அங்கேதான் இருக்கும்.

சரக்கு வைக்கிற இடத்தின் பெயர்கள்?

சரக்கு அறை ஹோல்டு. அதன் வாய் ஹேட்ச், வாயை மூடுவது ஹேட்ச் கவர், வாயைச் சுற்றி முழங்காலுக்கு மேல் எழும்பி நிற்கிற இரும்பு விளிம்பு கோமிங். ஹோல்டின் தரைக்கு டாங்க் டாப் என்று பெயர், ஏனென்றால் அதற்குக் கீழே இன்னொரு அடிப்பாகம் இருக்கிறது, நடுவில் தொட்டிகள். இந்த இரட்டை அடிக்கு டபுள் பாட்டம் என்பார்கள். ஹோல்டுகளுக்கு எண் அணியத்திலிருந்து தொடங்கும். நம்பர் ஒன் ஹோல்டு என்றால் முன்னால் ஓடு.

பில்ஜ், பலாஸ்ட் இரண்டும் தண்ணீர்தானே?

இரண்டும் தண்ணீர்தான், ஆனால் ஒன்று வேண்டாத தண்ணீர், மற்றது வேண்டி ஏற்றிய தண்ணீர்.

லாஞ்ச் எஞ்சின் ரூம் பலகையைத் தூக்கினால் அடியில் எண்ணெய் மிதக்கிற கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்குமே, அந்த இடம்தான் பில்ஜ். கப்பலில் அதை அப்படியே கடலில் இறைக்க முடியாது. எண்ணெயைப் பிரிக்கிற கருவி வழியாக, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல் ஆன பிறகுதான் வெளியே போக வேண்டும். நம் லாஞ்சுகளிலும் இந்த அக்கறை வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

பலாஸ்ட் என்பது சரக்கு இல்லாதபோது கப்பல் ஆடாமல் இருக்க ஏற்றுகிற பாரம். பழைய பாய்க் கப்பல்களில் கல்லும் மணலும் போட்டார்கள். இப்போது கடல் தண்ணீர். அதற்கான தொட்டிகள் டபுள் பாட்டத்திலும் பக்கங்களிலும் இருக்கும். அணியத்து நுனியில் இருப்பது ஃபோர்பீக், அமரத்து நுனியில் இருப்பது ஆஃப்டர்பீக்.

தொட்டியை ஒன்று நிறைக்க வேண்டும், இல்லை காலி செய்ய வேண்டும். பாதியில் விடக்கூடாது என்று சீஃப் ஆபீசர் சொல்லிக்கொண்டே இருப்பார். நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்கிறோமே, அதே கணக்குதான். பாதி நிறைந்த தொட்டியில், கப்பல் சாய்கிற பக்கமெல்லாம் தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இடுப்பில் அரைக்குடம் தண்ணீர் தூக்கி நடந்த எந்த அக்காவுக்கும் இது புரியும்.

ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பலாஸ்ட் தண்ணீரை இன்னொரு நாட்டில் இறக்கினால் அங்கே இல்லாத உயிர்களும் கூடவே இறங்கும். இதைத் தடுக்க 2004-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கடலில் பிறந்த நாம் இந்த விஷயத்தைப் பாடமாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது.

தங்கும் பகுதியில் என்னென்ன இருக்கும்?

மொத்தப் பகுதிக்கும் அக்காமடேஷன் என்று பெயர். உன் அறை கேபின், கட்டில் பங்க், சாப்பிடுகிற இடம் மெஸ் ரூம், சமையலறை கேலி. கேலியில் அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டிருப்பார்கள், கப்பல் ஆடும்போது சட்டி வழுக்கி விழாமல் இருக்க. வட்ட ஜன்னல் போர்ட்ஹோல். சிலவற்றுக்கு உள்பக்கம் இரும்பு மூடி இருக்கும், அது டெட்லைட். கடல் கொந்தளித்தால் இறுக்கி மூடு என்றால் கண்ணாடியை மட்டும் இல்லை, அந்த மூடியையும் சேர்த்துத்தான். கழிப்பறைக்கு ஹெட் என்ற பெயரைச் சிலர் சொல்லக் கேட்பாய். பாய்க் கப்பல் காலத்தில் மாலுமிகளுக்குக் கழிப்பிடம் கப்பலின் தலைப்பக்கம், அணியத்தில் இருந்தது. அதனால் வந்த பெயர்.

கேபினுக்கு எங்கள் வீட்டுப் பெரியம்மா ஒரு சொல் வைத்திருந்தார், காம்பரா. சிலோன் தோட்டத்தில் பிறந்தவர் அவர். லயக் காம்பரா என்றால் அங்கே தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டின் ஒற்றை அறை. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. மண்டபம் முகாம் வழியாக எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பக்கம் போனதும் வந்ததும் நமக்குத் தெரியும். ஒரு சின்ன அறையைச் சொல்ல அதை விடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் கடிதத்தில் பெரியம்மாவுக்கு "எனக்குத் தனிக் காம்பரா கொடுத்திருக்கிறார்கள்" என்றுதான் எழுதினேன்.

கப்பலில் பண்டாரி, செராங்கு என்கிறார்களே, அவர்கள் யார்?

பழைய இந்தியக் கப்பல் ஆட்களின் பதவிப் பெயர்கள் அவை. செராங்கு என்றால் டெக் ஆட்களின் தலைவர், நான் பார்த்த போசன் வேலைதான். அவருக்கு அடுத்தவர் டிண்டல். நம் பக்கத் தோணிகளில் தண்டல் என்பார்களே, அதுவேதான். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. சாமான் அறையைப் பார்ப்பவர் கசாப். சமையல்காரர் பண்டாரி. துப்புரவு செய்பவர் டோபாஸ். பிரிட்டிஷ் கப்பல்களில்கூட இந்திய ஆட்களை இந்தப் பெயர்களால்தான் அழைத்தார்கள். பண்டாரி என்ற சொல் என் காலத்திலும் புழங்கியது. சுக்கான், மாலுமி இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. மாலுமிக்கு மூலமான சொல்லுக்கு ஆசிரியர் என்று பொருள். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் வணிகம் செய்தவர்களின் உறவு எங்கெல்லாம் இருந்தது என்று இந்தச் சொற்களே சொல்லும்.

எஞ்சின் ரூம் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியது?

டெக் ஆளுக்கு மூன்று போதும். புரொப்பல்லர் தண்டு போகிற குகை மாதிரியான வழி ஷாஃப்ட் டனல். சுக்கானைத் திருப்புகிற இயந்திரம் இருக்கும் அறை ஸ்டியரிங் ஃப்ளாட், அது அமரத்தில், சுக்கானுக்கு நேர் மேலே. அப்புறம் எஸ்கேப் ட்ரங்க், தீப்பிடித்தால் அடியிலிருந்து நேராக மேலே ஏறித் தப்பிக்கிற செங்குத்தான கூண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடு.

ஒரு பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

என் முதல் கப்பலில் மூன்றாம் நாள். துறைமுகத்துக்குள் நுழைகிற நேரம். "ஃபோர்பீக் ஸ்டோருக்குப் போய் ஹீவிங் லைன் கொண்டு வா" என்றார் போசன். கரைக்கு வீசுகிற மெல்லிய கயிறு அது. எனக்கு ஸ்டோர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. முந்தின நாள் பார்த்த ஒரே ஸ்டோர் அமரத்தில் இருந்தது. அங்கே ஓடினேன். தேடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் கயிறு வீச வேண்டிய நேரம் போய்விட்டது. கப்பல் அணியம் துறைச் சுவரை விட்டு விலக ஆரம்பித்துவிட்டது. டக் என்கிற இழுவைப் படகு தள்ளிப் பிடித்ததால் சேதம் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி போசன் என்னைத் திட்டவில்லை. ஒரு சாக்பீஸ் கொடுத்து, டெக்கில் கப்பலின் படத்தை வரையச் சொல்லி, ஒவ்வொரு அறையாகக் கேட்டார். முடிய ராத்திரி ஒரு மணி ஆனது.

மூடிய அறைக்குள் தனியாகப் போகாதே என்று ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பாய் என்றால் இதைப் படி.

நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கிற அறைக்குச் செயின் லாக்கர் என்று பெயர். அணியத்தில், இருட்டான, ஈரமான இடம். பார்த்தால் வெறும் இரும்புதான். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூடியே கிடந்த அறையில் அது குறைந்துகொண்டே போகும். வாடை வராது, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் போகலாம். ஏணியில் நாலு படி இறங்கும்போதே கால் தளர்ந்து விழுவான். பலாஸ்ட் தொட்டி, இரண்டு தொட்டிகளுக்கு நடுவே காலியாக விட்டிருக்கும் காஃபர்டாம், வெற்று அறையான வாய்டு ஸ்பேஸ் எல்லாம் இதே மாதிரிதான். மரக்கட்டை, நிலக்கரி ஏற்றிய ஹோல்டும் அப்படியே. சரக்கே ஆக்சிஜனைத் தின்னும்.

இதில் மனதை உடைக்கிற விஷயம், விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும் சாவதுதான். கூட்டாளி விழுந்து கிடப்பதைப் பார்த்தால் நம் ஊர்ப் பையன் யோசிக்க மாட்டான், குதித்துவிடுவான். கடலில் விழுந்தவனைக் காப்பாற்ற அந்தக் குணம் உதவும். இங்கே உதவாது. இரண்டாவது ஆளும் விழுவான், மூன்றாவது ஆளும் விழுவான். கத்து, அலாரம் அடி, சுவாசக் கருவி மாட்டியவர்கள் வரும் வரை இறங்காதே. சாதாரண வேலைக்கு இறங்குவதென்றாலும் காற்றோட்டம் விட்டு, மீட்டர் வைத்து அளந்து, ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருக்கிற 21 சதவீத அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்து, எழுத்து மூலம் அனுமதி வாங்கி, வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

லாஞ்சில் போகிற தம்பிகளும் கேளுங்கள். ஐஸ் அறையின் அடியில் மீன் கழிவு அழுகிக் கிடந்தால் விஷவாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்று இறங்கினால் அவ்வளவுதான். மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் நெடுநேரம் காற்றாட விடுங்கள். ஒருவர் மேலேயே நில்லுங்கள்.

ஆபத்து மணி அடித்தால் எங்கே ஓடுவது?

ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. கேட்டதும் மஸ்டர் ஸ்டேஷன் (எல்லோரும் கூட வேண்டிய இடம்) என்று எழுதியிருக்கிற இடத்துக்கு லைஃப் ஜாக்கெட்டோடு போ. உன் பெயரும் உன் வேலையும் மஸ்டர் லிஸ்டில் இருக்கும். "ஸ்டியரிங் ஃப்ளாட்டில் தீ" என்று ஸ்பீக்கரில் கேட்டால், அது எங்கே என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்க நேரம் இருக்காது.

இத்தனை பெயரையும் எப்படி மனதில் வைப்பது?

அலிவேயில் கப்பலின் முழு வரைபடம் மாட்டியிருப்பார்கள். ஜெனரல் அரேஞ்ச்மென்ட் பிளான் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு அதே வழியில் நடந்து பார். தீயணைப்புக்கான வரைபடம் இன்னொன்று, தண்ணீர் புகாத உறையில் அக்காமடேஷனுக்கு வெளியே வைத்திருப்பார்கள், வெளியிலிருந்து வருகிற தீயணைப்பு ஆட்களும் எடுத்துப் பார்க்க. ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் நடந்தால் கால் தானாகப் போகும்.

பெரிய கப்பலெல்லாம் ஏன் நம் கரைப்பக்கம் வருவதில்லை?

ஆழம் இல்லை. கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பெரிய கப்பலின் டிராஃப்டுக்குப் பாக் நீரிணையும் மணல் திட்டுகளும் இடம் கொடுக்காது. அவை இலங்கையைச் சுற்றித்தான் போகும். பாம்பன் கால்வாயில் தூக்குப் பாலத்துக்கு அடியில் போவது சின்னக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும்தான்.

வகுப்பில் சேர்வதற்கு முன்னால் ஒரு கப்பலை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

துறைமுகத்துக்குள் சும்மா விடமாட்டார்கள், பாதுகாப்பு விதிகள் கடுமை. அதற்குப் பதில் ஒன்று செய்யலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகளைக் கரையில் ஏற்றி வேலை பார்ப்பார்கள். மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கரையில் நிற்கிற மரப் படகு ஒன்றுக்குப் போ. பலகை கழற்றியிருந்தால் ஏராவும் வங்கும் கண்ணுக்கு நேராகத் தெரியும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பதைப் பார்க்கலாம். எஞ்சின் ரூமுக்கும் ஐஸ் அறைக்கும் நடுவே இருக்கிற தடுப்பைத் தொட்டுப் பார், அதுதான் உன் முதல் பல்க்ஹெட். வேலை பார்க்கிற ஓடாவியிடம் (படகு கட்டுகிற தச்சர்) ஒவ்வொரு கட்டைக்கும் என்ன பெயர் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள். நான் எழுதாத பெயர் எத்தனையோ அவருக்குத் தெரியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, எதிர்ப் பக்கத்தில் கப்பல் பெயரை நாம் சேர்ந்து எழுதுவோம்.